குடும்பத்துக்கு ஒரு வாக்கு

பல்லாரோ சந்தைக்குப் பின்னால், அல்பெர்கேரியாவின் ஒடுங்கிய தெருவொன்றில் உள்ள மண்டபத்தில் போன மாதம் எங்கட ஆட்களின் சங்கக் கூட்டம் நடந்தது. எந்தச் சங்கம் என்று எழுதப்போவதில்லை. வேறு ஊர்களில் இருக்கிறவர்கள் தங்கள் ஊர்ச் சங்கத்தை நினைத்துக்கொள்ளலாம், பெரிய வித்தியாசம் இராது.

புதிய நிர்வாகம் தெரிவாக வேண்டும். வாக்களிக்கத் தகுதியானவர்களின் பட்டியலை வாசித்தார்கள். என் கணவரின் பெயர் வந்தது, என் பெயர் வரவில்லை. ஏதோ தவறு என்றுதான் முதலில் நினைத்தேன். யாப்பை எடுத்துப் பார்த்தால் தெளிவாக இருக்கிறது: குடும்பத்துக்கு ஒரு வாக்கு, அதைக் குடும்பத் தலைவர் அளிப்பார். இத்தனை வருடமாகச் சந்தா கட்டியும், சமைத்தும், பிள்ளைகளை நடனத்துக்குப் பழக்கியும் திரிந்த நான் அந்த வரியை ஒருநாளும் வாசித்ததில்லை. கணவர் இறந்துவிட்டால் வாக்கு மனைவிக்குப் போகுமாம். பின்வரிசையில் இருந்த ஒரு அக்கா மெல்லச் சொன்னா: "அப்ப எனக்கு வாக்கு வேணுமெண்டா முதல்ல இந்த மனிசன் போய்ச் சேரவேணும்."

மண்டபமே சிரித்தது. அவவின் மனிசனும் சிரித்தார். நானும்தான். வீட்டுக்கு நடந்து வரும்போதுதான் கோபம் வந்தது.

அதற்குப் பிறகு பெண்கள் மட்டும் ஒருநாள் கூடினோம். இரண்டு பக்கமாகப் பிரிந்துவிட்டோம். என் வயதுக்காரர்கள் சொன்னது: பணிவாக ஒரு கடிதம் எழுதிக் கையெழுத்து வாங்கிக் கொடுப்போம். இங்கே பிறந்து வளர்ந்த பிள்ளைகள் சொன்னது: கடிதத்தை வாங்கி மேசைக்குள் போடுவார்கள், ஜூலை ஒன்றுகூடலுக்கு 400 சாப்பாடு யார் சமைக்கிறது? அதை நிற்பாட்டுவோம். ஒரு பிள்ளை லண்டன் சஃப்ரஜெட் பெண்களைப் பற்றிய படத்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். "அன்ரி, அவையள் கடை கண்ணாடியள் உடைச்சவை. நாங்கள் அடுப்பைத்தானே மூடுறம்" என்றாள்.

"அமைதியாகவா, அதிரடியாகவா" என்ற கேள்வி எங்கள் சனத்துக்குப் புதிதில்லை. அகிம்சையா ஆயுதமா என்று ஒரு தலைமுறை முழுக்க விவாதித்து, அந்த விவாதத்துக்குப் பெரிய விலையும் கொடுத்தவர்கள் நாங்கள். அதனால்தானோ என்னவோ, பெண்கள் வாக்குரிமை பற்றிக் கதைத்தாலும் உடனே அதே தராசைத் தூக்கிவிடுகிறோம். நான் அன்று கடிதத்தின் பக்கம். இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன்.

அந்தப் பிள்ளை சொன்ன லண்டன் கதையில் இரண்டு கூட்டம் உண்டு. மில்லிசென்ட் ஃபோசெட் தலைமையிலானவர்கள் மனு, கூட்டம், ஊர்வலம் என்று சட்டத்துக்குள் நின்றார்கள். 1866இல் ஜோன் ஸ்டூவர்ட் மில் பாராளுமன்றத்தில் கொடுத்த மனுவில் ஏறக்குறைய 1,500 பெண்களின் கையெழுத்து இருந்தது. அதற்குப் பிறகு நாற்பது வருடம் மனுக்கள் போனபடியே இருந்தன. 1903இல் மான்செஸ்டரில் எமலின் பாங்க்ஹர்ஸ்ட் தொடங்கிய அமைப்பு பொறுமை இழந்தவர்களுடையது. 'சஃப்ரஜெட்' என்பதே ஒரு பத்திரிகை கேலியாக வைத்த பெயர். அதை அவர்கள் பெருமையாக எடுத்துக்கொண்டார்கள். கண்ணாடி உடைத்தார்கள், தபால்பெட்டிக்குத் தீ வைத்தார்கள், சிறைக்குப் போனார்கள். 1909இல் மரியன் வாலஸ் டன்லப் சிறையில் உண்ணாவிரதம் தொடங்கினார். மற்றவர்களும் தொடர, குழாய் விட்டுக் கட்டாயமாக உணவு ஊட்டினார்கள். 1913இல் எமிலி டேவிசன் குதிரைப் பந்தயத்தில் மன்னரின் குதிரைக்கு முன்னால் போய் விழுந்து, நான்கு நாளில் இறந்தார்.

1918இல் சட்டம் வந்தது. யாருக்கு? முப்பது வயதுக்கு மேற்பட்ட, சொத்துத் தகுதி உள்ள பெண்களுக்கு. ஆண்களைப் போல 21 வயதில் வாக்கு என்பதற்கு இன்னும் பத்து வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. கல்லெறிந்ததால் கிடைத்ததா, மனுவால் கிடைத்ததா, போர்க்காலத்தில் பெண்கள் தொழிற்சாலைகளைத் தாங்கியதால் கிடைத்ததா என்று இன்றுவரை சண்டை பிடிக்கிறார்கள்.

அந்தச் சண்டையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது 1918 பட்டியலுக்கு வெளியே நின்ற பெண்கள். வாடகை அறையில் இருந்த தையல்காரி, வீட்டு வேலைக்காரி, 25 வயதுத் தொழிற்சாலைப் பெட்டை. ஊர்வலத்தில் நடந்தவர்கள்தான் அவர்களும்.

எங்கட நாட்டுக் கதை இதைவிட அமைதியானது. 1927 டிசம்பரில் கொழும்பில் பெண்கள் வாக்குரிமைச் சங்கம் உருவானது. டொனமூர் ஆணைக்குழு அப்போது இலங்கையில் சாட்சியம் கேட்டுக்கொண்டிருந்தது. சங்கத்தின் செயலாளர் அக்னஸ் டி சில்வாவும் மற்றவர்களும் ஆணைக்குழு முன் போய்த் தங்கள் பக்கத்தைச் சொன்னார்கள். ஒரு கல்லும் பறக்கவில்லை, யாரும் சிறை போகவில்லை. 1931இல் 21 வயதான ஆண், பெண் எல்லாருக்கும் வாக்கு என்று வந்துவிட்டது. ஆசியாவிலேயே முதல். ஆணைக்குழு பெண்களுக்கு முப்பது வயது என்றுதான் முதலில் சிபாரிசு செய்தது, பிறகு அது 21 ஆகக் குறைந்தது. மூன்றே வருடம்! பார்த்தீர்களா, அமைதியாகக் கேட்டால் கிடைக்கும் என்று இதைத்தான் நானும் அந்தப் பிள்ளைகளுக்குச் சொன்னேன்.

பிறகு யோசித்தேன். கொழும்புக்கு வந்த அந்த வெள்ளைக்காரர்கள் எங்கேயிருந்து வந்தார்கள்? இருபது வருடம் பெண்களின் ஆர்ப்பாட்டமும் கண்ணாடிச் சத்தமும் கேட்ட ஊரிலிருந்து. அவர்களின் சொந்தப் பாராளுமன்றமே 1928இல் சம வாக்குரிமைச் சட்டத்தை நிறைவேற்றுகிற நேரம் அது. கொழும்புப் பெண்கள் பணிவாகத் தட்டிய கதவை லண்டனில் வேறு யாரோ ஏற்கெனவே உதைத்துத் தளர்த்தியிருந்தார்கள். இதைச் சொல்வதால் அக்னஸ் டி சில்வாவின் மதிப்புக் குறையாது. அவர் செய்த ஒரு காரியம் எனக்கு எந்த உண்ணாவிரதத்துக்கும் குறைந்ததாகத் தெரியவில்லை. தோட்டங்களில் வேலை செய்யும் இந்தியத் தமிழ்ப் பெண்களுக்கும் வாக்குக் கேட்கிறீர்களா என்று ஆணைக்குழு கேட்டதாம். நிச்சயமாக, அவர்களும் பெண்கள்தானே, எல்லாப் பெண்களுக்கும்தான் கேட்கிறோம் என்ற பொருள்பட அவர் பதில் சொன்னார். கண்டியில் வாழ்ந்த, வசதியான ஒரு பறங்கிப் பெண். கொழுந்து கிள்ளும் பெண்ணை விட்டுவிடுகிறோம், எங்களுக்குத் தாருங்கள் என்று சொல்லியிருந்தால் அன்று யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள்.

எங்கட பெரியவர்கள் அந்த நேரம் எங்கே நின்றார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சேர் பொன்னம்பலம் இராமநாதன் எல்லாருக்கும் வாக்கு என்பதையே எதிர்த்தார், பெண்களுக்கு என்பதையும் எதிர்த்தார். 1913இல் யாழ்ப்பாணத்தில் பெண்பிள்ளைகளுக்கென்று கல்லூரி கட்டியவரும் அவர்தான். படிக்கலாம், ஆனால் வாக்குப் போட வேண்டாம். எங்கள் மண்டபத்தில் போன மாதம் கேட்டதும் கிட்டத்தட்ட இதே சுருதிதான்: "பிள்ளையள் நல்லாப் படிக்கட்டும், ஆர் வேண்டாமெண்டது? நிர்வாகம் வேற விசயம்."

இன்னொரு கதை எங்கள் பாடப் புத்தகங்களில் வேறு தலைப்பில் வரும். 1931இல் முதல் பொதுத்தேர்தல் நடந்தபோது யாழ்ப்பாணக் குடாநாட்டின் நான்கு தொகுதிகளிலும் ஒருவரும் வேட்புமனுத் தாக்கல் செய்யவில்லை. யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் பகிஷ்கரிப்புக்கு அழைத்திருந்தது. டொனமூர் அரசியலமைப்பு முழுச் சுயராச்சியம் தரவில்லை என்பது அவர்களின் காரணம். அவர்களை நான் குறைவாக எடைபோடவில்லை. சாதிக்கும் சீதனத்துக்கும் எதிராக அந்தக் காலத்திலேயே பேசிய பெடியள். ஆனால் பெண்கள் வரலாற்றில் முதல் தடவையாக வாக்குச்சாவடிக்குப் போக இருந்த தேர்தல் அது. கொழும்பில் போனார்கள், காலியில் போனார்கள். யாழ்ப்பாணத்துப் பெண்ணுக்கு உரிமை வந்தது, தேர்தல் வரவில்லை. 1934இல்தான் அந்தத் தொகுதிகளுக்கு இடைத்தேர்தல். நடுவில் மூன்று வருடம். கொள்கைக்காகச் செய்த தியாகம் என்று எழுதுகிறோம். யாருடைய வாக்கைத் தியாகம் செய்தார்கள் என்று ஒருவரும் கேட்டதாகத் தெரியவில்லை.

கொழும்பு வடக்கில் நேசம் சரவணமுத்து 1932 இடைத்தேர்தலில் வென்று அரசாங்க சபைக்குப் போனார். அவர் ஒரு தமிழ்ப் பெண் என்பது இங்கே பலெர்மோவில் வளர்ந்த எங்கள் பிள்ளைகளில் ஒருவருக்குக்கூடத் தெரியாது. எனக்கே தாமதமாகத்தான் தெரியும்.

அக்னஸ் டி சில்வா விட்டுக்கொடுக்காத அந்தத் தோட்டப் பெண்களுக்கு என்ன நடந்தது? ஆரம்பத்திலேயே வதிவிட நிபந்தனைகள் போட்டு ஒரு பகுதியினரை வடிகட்டினார்கள். 1948இன் குடியுரிமைச் சட்டம் மலையகத் தமிழர் ஏழு இலட்சம் அளவில் நாடற்றவர்களாக்கியது. அடுத்த வருடத் தேர்தல் சட்டத் திருத்தம் வாக்கையும் பிடுங்கியது. கடைசி மிச்சமும் தீர 2003 வரை போனது. வாக்குரிமை ஒருமுறை கிடைத்தால் கிடைத்ததுதான் என்று நினைக்கிறவர்கள் ஹட்டனில் ஒரு அம்மாவிடம் கேட்டுப்பார்க்கலாம்.

இனி நாங்கள் குடியிருக்கிற நாட்டுக்கு வருவோம். இத்தாலியில் 1877லேயே அன்னா மரியா மொட்ஸோனி பெண்களுக்கு வாக்குக் கேட்டுப் பாராளுமன்றத்துக்கு மனுக் கொடுத்தார். 1906இல் மார்க்கே மாகாணத்தில் பத்து ஆசிரியைகள் ஒரு கெட்டித்தனம் செய்தார்கள். பெண்கள் வாக்களிக்கக் கூடாது என்று சட்டத்தில் எங்கேயும் எழுதியில்லையே, எங்களைப் பதியுங்கள் என்றார்கள். அங்கோனா மேல்முறையீட்டு நீதிமன்றத் தலைவர் லொடோவிகோ மொர்தாரா ஆம் என்று தீர்ப்புச் சொன்னார். சில மாதங்களில் ரோமில் உச்ச நீதிமன்றம் அதைத் தள்ளிவிட்டது. 1912இல் எழுதப் படிக்கத் தெரியாத ஆண்களுக்கும் முப்பது வயதுக்கு மேல் வாக்கு வந்தது. அவர்களின் பிள்ளைகளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுத்த ஆசிரியைக்கு இல்லை. 1925இல் முசோலினி சில பெண்களுக்கு உள்ளூராட்சி வாக்கு என்று சட்டம் போட்டார், அடுத்த வருடமே உள்ளூராட்சித் தேர்தலையே ஒழித்துவிட்டார். எங்கள் சங்கத்தில் சிலருக்கு இந்த யோசனை பிடிக்கும் என்று பயப்படுகிறேன்.

1944 அக்டோபர் 19. எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில், வியா மக்கேதாவில் பலாட்ஸோ கொமித்தினிக்கு முன்னால், பாணும் வேலையும் கேட்டுக் கூடிய சனத்தின் மேல் இராணுவம் சுட்டது. 24 பேர் செத்தார்கள், அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். அங்கே ஒரு நினைவுக்கல் உண்டு. நான் பல வருடம் அதைக் கடந்து வேலைக்குப் போயிருக்கிறேன். வடக்கில் அப்போது பெண்கள் ஜெர்மன்காரருக்கு எதிரான போராளிக் குழுக்களில் செய்தி காவினார்கள், ஆயுதம் காவினார்கள், பிடிபட்டவர்கள் சித்திரவதைப்பட்டார்கள். ரோமில் வேறு பெண்கள் அமைதியாகக் கையெழுத்துச் சேர்த்தார்கள். 1945 பெப்ரவரி தொடக்கத்தில் ஆணை வந்தது, பெண்களுக்கும் வாக்கு. அதிலும் ஒரு ஓட்டை: அனுமதி பெற்ற விடுதிகளுக்கு வெளியே தொழில் செய்த பாலியல் தொழிலாளர்களுக்கு இல்லை. பெண்கள் தேர்தலில் நிற்கலாம் என்று எழுத மறந்தே போனார்கள். அதைச் சேர்க்க 1946 மார்ச் ஆனது.

1946 ஜூன் 2. வருகிற செவ்வாய்க்கிழமை சரியாக 80 வருடம். மன்னரா குடியரசா என்று கேட்ட அந்த வாக்கெடுப்பில் வாக்குரிமை பெற்ற பெண்களில் 89 வீதமானவர்கள் போய் வாக்களித்தார்கள். அரசியலமைப்புச் சபையின் 556 பேரில் 21 பேர் பெண்கள்.

அந்த நாளைக் கண்ணால் கண்ட ஒருவரை எனக்குத் தெரியும். 2001 முதல் அவ இறக்கும்வரை பியாட்ஸா கார்மினேக்குப் பக்கத்தில் ஒரு சிஞ்ஞோராவைப் பராமரித்தேன். 1946இல் அவவுக்கு 22 வயது. வாக்குத்தாளை நாக்கால் ஈரப்படுத்தி ஒட்ட வேண்டும், சாயம் பட்டால் வாக்குச் செல்லாமல் போகலாம், அதனால் உதட்டுச்சாயம் பூசாமல் வாருங்கள் என்று பத்திரிகையில் எழுதியிருந்தார்களாம். ஞாயிற்றுக்கிழமை உடுப்புப் போட்டுக்கொண்டு, வெறும் உதட்டோடு, மாமியாரோடு வரிசையில் நின்றாவாம். மன்னருக்குப் போடு என்று புருஷன் சொல்லி அனுப்பினாராம். சிசிலியில் பெரும்பான்மை மன்னருக்குத்தான் விழுந்தது. நீங்கள் யாருக்குப் போட்டீர்கள் என்று நான் எத்தனையோ தரம் கேட்டேன். அவ சிரிப்பா. புருஷனுக்கும் கடைசிவரை சொல்லவில்லை. ஐம்பது வருடத்துக்கு மேல் ஒன்றாக வாழ்ந்தார்கள், அந்தக் குடும்பம் உடையவில்லை.

இதை ஏன் எழுதுகிறேனென்றால், கூட்டத்தில் ஒரு அண்ணா எழுந்து சொன்னார்: "ஒரு வீட்டில ரெண்டு வாக்கு எண்டால் குடும்பத்துக்குள்ள பிரச்சினை வரும். வீட்டில கதைச்சுத்தானே நாங்கள் போடுறம்." லண்டனிலும் ரோமிலும் நூறு வருடத்துக்கு முன் சொன்ன அதே வசனம். அந்த அண்ணா கெட்ட மனிதர் இல்லை. ஆனால் வீட்டில் கதைத்துப் போடுகிற வாக்கு என்றால் ஒருமுறை அவவைப் போடவிட்டு அவர் வீட்டில் இருந்து பார்க்கட்டுமே.

மற்றவர்களைக் குற்றம் சொல்லிவிட்டு என் கதையை மறைக்கக் கூடாது. எனக்கு 2012இல் இத்தாலியக் குடியுரிமை கிடைத்தது. வாக்காளர் அட்டை தருவார்கள், அதில் முத்திரை குத்த 18 கட்டங்கள். என் அட்டையில் நான்கு முத்திரை. போன வருடம் ஜூன் 8, 9இல் நடந்த பொது வாக்கெடுப்பில் ஒரு கேள்வி எங்களைப் பற்றியது: குடியுரிமைக்கு விண்ணப்பிக்க 10 வருடம் வசிக்க வேண்டும் என்பதை 5 வருடமாகக் குறைக்கலாமா? வாக்களித்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு அளவில் ஆம் என்றார்கள். ஆனால் வாக்காளரில் பாதிப்பேராவது வந்தால்தான் செல்லும். முப்பது வீதம் அளவில்தான் வந்தார்கள். தோற்றது.

நான் போகவில்லை. ஞாயிறு வேலை என்று சொல்லலாம். திங்கள் பின்னேரம் மூன்று மணிவரை திறந்திருந்தது. உண்மையில் மறந்துபோனேன். அந்தக் கிழமை பல்லாரோவில் மீன் வாங்கும்போது ஏழு வருடமாக இங்கே இருக்கும் ஒரு தங்கச்சி கேட்டாள்: "அக்கா, எங்களுக்காகப் போட்டனீங்கள்தானே?" ஓம் என்று பொய் சொன்னேன்.

அவளுடைய நிலையை யோசித்துப் பாருங்கள். இத்தாலியில் அவளுக்கு வாக்கு இல்லை. வெளிநாட்டவர் நகரசபைத் தேர்தலில் வாக்களிக்க வழிவிடும் 1992 ஸ்ட்ராஸ்பூர்க் உடன்படிக்கையின் அந்தப் பகுதியை மட்டும் இத்தாலி ஏற்கவில்லை. பலெர்மோ நகரசபை 2013இல் வெளிநாட்டவருக்கென்று தேர்தல் வைத்துக் கலாசாரங்களின் ஆலோசனைச் சபை அமைத்தது நல்ல காரியம், ஆனால் அது ஆலோசனை மட்டும் சொல்லலாம். இலங்கைத் தேர்தலில் அவள் வாக்களிக்க வேண்டுமென்றால் விமானம் ஏற வேண்டும், வெளிநாட்டிலிருந்து வாக்களிக்க வசதி இல்லை. மிஞ்சியது எங்கள் சங்கம். அங்கே குடும்பத்துக்கு ஒன்று. 2026இல், அல்பெர்கேரியாவில், அவள் உலகத்தில் எங்கேயும் ஒரு வாக்குப் போட முடியாத பெண்.

இதற்குப் பிறகும் கடிதம் மட்டும் போதும் என்று என்னால் சொல்ல முடியவில்லை. கண்ணாடி உடைக்கச் சொல்லவில்லை. சஃப்ரஜெட் காலத்து லண்டனிலேயே மூன்றாவது வழி ஒன்று இருந்தது. பஞ்சாபின் கடைசி மகாராஜா துலீப் சிங்கின் மகள் சோபியா, வாக்கில்லாத எனக்கு வரி எதற்கு என்று கட்ட மறுத்தார். நகைகளைப் பறித்து ஏலம் விட்டார்கள், மறுபடியும் மறுத்தார். அடுப்பை மூடுகிற பிள்ளைகள் கேட்பதும் அதேதான். வாக்கு குடும்பத் தலைவருடையது என்றால், 400 பேருக்கான சோறும் கறியும் குடும்பத் தலைவர்களுடையதாக இருக்கட்டும்.

கடிதத்தில் 31 பேர் கையெழுத்துப் போட்டிருக்கிறோம். கேட்பது ஒன்றுதான்: 18 வயதான ஒவ்வொரு அங்கத்தவருக்கும் ஒரு வாக்கு. கணவரின் குடும்ப அட்டையில் பெயர் இல்லாத, தனியாக வந்து வேலை செய்கிற பெண்களும் இதில் அடக்கம். அவர்களை இப்போதைக்கு விடுவோம், பிறகு பார்க்கலாம் என்று எங்களுக்குள்ளேயே ஒரு குரல் வந்தது. அந்த வரியை எடுக்கக் கூடாது என்று பிடிவாதமாக நின்றது இங்கே பிறந்த பிள்ளைகள்தான், என் வயதுக்காரர்கள் இல்லை.

என் கணவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தார். "வீட்டிலயும் சமையல் நிப்பாட்டோ?" என்றார். அதைப் பற்றி இன்னும் தீர்மானிக்கவில்லை என்றேன். சங்கக் கூட்டத்தில் எங்கட வீட்டு வாக்கை இந்தமுறை நீரே போடும், எனக்குப் பதிலாகப் போட முடியுமோ எண்டு கேட்டுப் பார்ப்பம் என்றார். யாப்பில் அதற்கும் இடமில்லை, பார்த்துவிட்டேன்.

பதிலை ஜூன் 14 ஞாயிறு பொதுக்கூட்டத்தில் சொல்வதாகத் தலைவர் சொல்லியிருக்கிறார். ஒன்றுகூடல் ஜூலை 12. சமையல் வேலைக்குப் பெயர் எழுதும் தாள் மண்டபக் கதவில் ஒட்டியிருக்கிறது. நேற்று வேலை முடிந்து வரும் வழியில் எட்டிப் பார்த்தேன். வெங்காயம் உரிக்க இரண்டு பெயர் விழுந்திருந்தது, இரண்டும் ஆண்கள்.